போனில் காட் ஆஃப் வார்: க்ராட்டோஸ் திணறினால் எங்கே கை வைப்பது

க்ராட்டோஸ் நாயகனாக வரும் காட் ஆஃப் வார் விளையாட்டுகளில், பிஎஸ்பி விளையாட்டுகளை போனில் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் ஓடுபவை இரண்டே இரண்டுதான். 2008இல் வந்த 'செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்', 2010இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டா'. இரண்டையும் ரெடி அட் டான் என்ற ஸ்டுடியோ சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பிக்காகச் செய்தது. மூன்றாம் பாகமோ, 2018இல் வந்த நார்ஸ் கதையோ பிஎஸ்பி விளையாட்டுகளே அல்ல. அவற்றை 200 எம்பிக்குச் சுருக்கி போனில் ஓட்டலாம் என்று யார் லிங்க் கொடுத்தாலும் தொடாதீர்கள். உள்ளே விளையாட்டு இருக்காது, வேறு ஏதாவது இருக்கும்.

இந்த இரண்டும் பிஎஸ்பியைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்த விளையாட்டுகள். பிஎஸ்பியின் பிராசசர் முதலில் 222 மெகாஹெர்ட்ஸில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. 2007இல்தான் சோனி 333 வரை திறந்துவிட்டது, அதை முழுசாகப் பயன்படுத்திய முதல் விளையாட்டுகளில் செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் ஒன்று. அதனால்தான் மற்ற பிஎஸ்பி விளையாட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும் அதே போனில் இது மட்டும் மூச்சு வாங்குகிறது. போனைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

எதையும் மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதியின் கீழ்ப்பக்கம் ஓவர்லே தகவல்கள் இருக்கும். அதில் எஃப்பிஎஸ் கவுண்டர் (நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம்), ஸ்பீட் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். இனி திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கையும் ஒரு சதவீதமும் தெரியும். இவற்றில் சதவீதம்தான் முக்கியம்.

ஸ்பீட் 100 சதவீதம் என்றால் எமுலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பிரேம் 35 என்று காட்டினாலும் அது விளையாட்டின் இயல்பு. இந்த இரண்டு விளையாட்டும் நொடிக்கு 60 பிரேம் வரை போகப் பார்க்கும், எதிரிகள் கூட்டமாக வந்தால் அசல் பிஎஸ்பியிலேயே 30 பக்கம் இறங்கிவிடும். ஸ்பீட் 80, 70 என்று விழுந்தால்தான் போனுக்குச் சுமை தாங்கவில்லை என்று பொருள். பிரேம் குறைவது, ஸ்பீட் குறைவது இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதைக் கெடுக்கும். யாரோ சொன்ன 'பெஸ்ட் செட்டிங்ஸ்' ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே பார்த்துப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்க்காதவர்கள்தான்.

அடுத்து, பட்டியலில் விளையாட்டின் படத்தை அழுத்திப் பிடியுங்கள். வரும் பக்கத்தில் 'கிரியேட் கேம் கான்ஃபிக்' கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் கேம் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றுங்கள். அப்போது மாற்றங்கள் இந்த விளையாட்டுக்கு மட்டுமே பொருந்தும். குழம்பிப் போனால் அந்த கான்ஃபிக்கை நீக்கினால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு அதே காட்சியில் சோதனை. கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டாவில் தொடக்கத்துக் கடலும் மழையும் ஸ்கில்லாவும் வரும் இடம், செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸில் அட்டிகாவில் பாசிலிஸ்க் வரும் இடம் இரண்டும் சோதனைக்குத் தோதானவை. அங்கே தாக்குப்பிடித்தால் பெரும்பாலான இடங்களில் தாக்குப்பிடிக்கும்.

எல்லாமே ஸ்லோமோஷனில் ஓடுகிறது, ஸ்பீட் 100க்குக் கீழே

முதலில் ரெண்டரிங் ரெசல்யூஷன். பிஎஸ்பியின் திரை 480×272, அதாவது சுமார் 1,30,000 புள்ளி. இரண்டு மடங்கு என்று வைத்தால் 960×544, வேலை நான்கு மடங்கு. நான்கு மடங்கு என்று வைத்தால் 1920×1088, வேலை பதினாறு மடங்கு. பலரும் போனின் திரை பெரியது என்பதற்காக 4 அல்லது 5 வைத்துவிடுகிறார்கள். ஆறங்குலத் திரையில் 2க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, படம் வரையும் சிப்பான ஜிபியுவுக்குத் தெரியும். 1இல் வைத்து ஓட்டிப் பாருங்கள். வேகம் 100க்கு ஏறினால் தடை ஜிபியுவில்தான் இருந்தது. 2க்கு ஏற்றி, அங்கேயும் நின்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

1க்கு இறக்கியும் எண் அசையவில்லை என்றால் தடை பிராசசரில். அப்போது ரெசல்யூஷனைக் குறைத்துக்கொண்டே போவதில் பயனில்லை, படம் மங்குவதுதான் மிச்சம். சிஸ்டம் பகுதியில் 'சேஞ்ச் எமுலேட்டட் பிஎஸ்பி சிபியு க்ளாக்' என்று ஒன்று இருக்கிறது. இயல்பில் 0, அதாவது விளையாட்டு கேட்கிறபடி. இதை 222 ஆக்கினால் உள்ளே இருக்கும் கற்பனை பிஎஸ்பி மெதுவாகும், விளையாட்டு குறைந்த பிரேம்களை வரையும், போனின் பிராசசருக்கு வேலை குறையும். பிரேம் எண்ணிக்கை இறங்கும், ஆனால் ஸ்பீட் 100க்கு ஏறும். க்ராட்டோஸ் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி நடக்கமாட்டான். பழைய போன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரேம் ஸ்கிப்பிங்கை அதற்குப் பிறகுதான் தொடுவேன்.

டெவலப்பர் டூல்ஸில் சிபியு கோர் என்ன என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் அது டைனாரெக், அதாவது பிஎஸ்பியின் கட்டளைகளை போனின் மொழிக்கு மாற்றி ஓட்டும் ஜிட் என்றிருக்க வேண்டும். இன்டர்ப்ரெட்டர் என்றிருந்தால் எந்த போனும் திணறும். ஐபோனில் நிலைமை வேறு. ஆப் ஸ்டோரில் 2024 மே மாதம் முதல் பிபிஎஸ்எஸ்பிபி கிடைக்கிறது, ஆனால் ஆப்பிள் அங்கே ஜிட்டை அனுமதிப்பதில்லை. அதனால் ஐஆர் இன்டர்ப்ரெட்டரில்தான் ஓடும். அங்கே ஜிட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மேலே சொன்ன க்ளாக் வழியையே பிடியுங்கள்.

கிராஃபிக்ஸில் சாஃப்ட்வேர் ரெண்டரிங் தவறுதலாக ஆன் ஆகியிருந்தால் அணைக்கவும். அதில் ஜிபியு செய்ய வேண்டிய வரையும் வேலை பிராசசர் தலையில் விழும், ஸ்பீட் படுமோசமாக விழும்.

டெக்ஸ்சர் அப்ஸ்கேலிங்கை ஆஃப் செய்யுங்கள். எக்ஸ்பிஆர்இசட் போன்ற அப்ஸ்கேலிங் முறைகள் சுவர், தரை போன்றவற்றின் ஒவ்வொரு புது மேற்பரப்புப் படத்தையும் பிராசசரில் பெரிதாக்குகின்றன. புது அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு இடறல் வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவுக்குப் பிறகும் 85, 90இல் நின்றால் ஸ்பீட் ஹேக்ஸ் பகுதிக்குப் போகலாம். லேசி டெக்ஸ்சர் கேச்சிங் பெரும்பாலும் கேடு செய்யாது. ஸ்ப்ளைன், பெசியர் வளைவுகளின் தரத்தை லோவில் வைக்கலாம். 'லோயர் ரெசல்யூஷன் ஃபார் எஃபெக்ட்ஸ்' ஒளிவட்டங்களின் வேலையைக் குறைக்கும், படம் கொஞ்சம் மாறலாம். 'ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ்' மட்டும் வேண்டாம். இந்த விளையாட்டுகள் ஒளியையும் மினுக்கத்தையும் தனி பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வரைந்து பிறகு திரையில் சேர்க்கின்றன. அந்தப் படியையே தாண்டிவிட்டால் வேகம் ஏறும், படம் போய்விடும். திரை முழுக்கக் கறுப்பாவதும் உண்டு.

பிரேம் ஸ்கிப்பிங் கடைசி ஆயுதம். 1 வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு பிரேம் வரையப்படாது. முந்தைய பிரேமை வைத்து வரையும் மங்கல் எஃபெக்ட்கள் இதனால் மினுக்மினுக்கென்று அடிக்கக்கூடும். 2க்கு மேல் போனால் எந்த பட்டனை அழுத்துவது என்று காட்டும் குறி தோன்றி மறைவதே கண்ணில் படாமல் போகும், சண்டையில் அடி வாங்குவீர்கள்.

ஸ்பீட் 100தான், ஆனால் ஓட்டம் வழுவழுப்பாக இல்லை

பெரும்பாலோர் தவறான மருந்து எடுப்பது இங்கேதான். ஸ்பீட் 100 இருக்கும்போது ரெசல்யூஷனைக் குறைப்பதில் அர்த்தமே இல்லை. பிரேம் எண்ணைப் பாருங்கள். 30, 40 என்று ஊசலாடினால், உள்ளே இருக்கும் பிஎஸ்பிதான் திணறுகிறது, உங்கள் போன் அல்ல. மேலே சொன்ன அதே க்ளாக் ஸ்லைடரை இப்போது எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். 333க்கு மேலே 400, 450, 500 என்று படிப்படியாக ஏற்றுங்கள். விளையாட்டுக்கு வேகமான பிஎஸ்பி கிடைத்ததுபோல் ஆகி, பிரேம் 60ஐ நோக்கிப் போகும். ஒவ்வொரு படியிலும் ஸ்பீட் 100ஐ விட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஒரு படி பின்வாங்கி அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஸ்லைடரின் பெயரோடு 'நிலையற்றது' என்று எமுலேட்டரே எழுதியிருப்பது சும்மா இல்லை. ஏதாவது காட்சியில் தொங்கினால் 0க்குத் திரும்பி, அந்தக் காட்சியைத் தாண்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பிரேமும் 60, ஸ்பீடும் 100, ஆனாலும் கேமரா நகரும்போது ஒரு நடுக்கம் தெரிகிறதா? போனின் திரை 90 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்பி நொடிக்குச் சுமார் 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 60ஐ 90க்குள் சமமாகப் பொருத்த முடியாது. ஒரு பிரேம் ஒரு துடிப்பு, அடுத்தது இரண்டு துடிப்பு என்று மாறி மாறி நிற்கும், அந்த நொண்டல்தான் கண்ணில் படுகிறது. போனின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 அல்லது 120க்கு மாற்றினால் தீர்ந்தது. 120இல் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு துடிப்பு நிற்கும்.

ஒவ்வொரு புது எஃபெக்டுக்கும் முதல் முறை மட்டும் இடறுகிறது

இது கோளாறு இல்லை. ஒரு மாயாஜாலத்தை முதல் முறை வரையும்போது அதற்கான ஷேடரை (வரையும் சிறு நிரலை) போன் தயார் செய்துகொள்கிறது, பிறகு சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு பிஎஸ்பி ஃபோல்டருக்குள் சிஸ்டம், அதற்குள் கேச் என்ற இடத்தில் விளையாட்டின் அடையாள எண்ணோடு இருக்கும். க்ளீனர் ஆப்கள் இதைக் குப்பை என்று நினைத்து அழித்தால் ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து இடறும். போனின் மென்பொருள் அப்டேட் ஆனபிறகு படம் தாறுமாறாகத் தெரிந்தால் மட்டும் நீங்களே அந்தக் கோப்புகளை அழியுங்கள், புதிதாக உருவாகிக்கொள்ளும்.

கால்மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு படுத்துவிடுகிறது

சூடு. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடாதீர்கள், தடித்த பின்கவரைக் கழற்றுங்கள், பேட்டரி சேவரை அணையுங்கள். சூட்டில் படுக்கிற போனில் ரெசல்யூஷனைத் தாங்கும் உச்சத்தில் வைக்காமல் ஒரு படி கீழே வைப்பது நல்லது. ஆரம்பத்தில் 3இல் ஓடினாலும் 2இல் வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் அதே வேகம் இருக்கும்.

ஆட்டம் திடீரென்று பறக்கிறது

ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டன் விரலில் பட்டிருக்கும். ஸ்பீட் 200, 300 என்று காட்டும். டச் கன்ட்ரோல் லேஅவுட்டில் அந்த இரட்டை அம்புக்குறியை மறைத்துவிடுங்கள். கேம்பேடு வைத்திருப்பவர்கள் எந்த பட்டனுக்கு அது மேப் ஆகியிருக்கிறது என்று பார்த்து நீக்குங்கள்.

விளையாட்டு பட்டியலில் வரவில்லை, அல்லது ஒரே இடத்தில் தொங்குகிறது

விளையாட்டின் கோப்பு ஐஎஸ்ஓ (வட்டின் முழு நகல்), சிஎஸ்ஓ (அதன் சுருக்கிய வடிவம்) ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 1.17 பதிப்பு முதல் இன்னொரு சுருக்க வடிவமான சிஎச்டியும் ஓடும். ஆர்ஏஆர், 7இசட் கோப்பைப் பிரித்தெடுத்தபிறகே வைக்க வேண்டும். எமுலேட்டருக்குத் தனி பயோஸ் (கருவியின் அடிப்படை மென்பொருள்) கோப்பு எதுவும் தேவையில்லை. கேட்டால், நீங்கள் வைத்திருப்பது அசல் பிபிஎஸ்எஸ்பிபி இல்லை.

ஒவ்வொரு முறையும் அதே கதவு, அதே காட்சி, அதே லோடிங்கில் நின்றுபோனால் செட்டிங்ஸைத் தொடவே தொடாதீர்கள். கோப்பில் ஓட்டை. விளையாட்டின் படத்தை அழுத்திப் பிடித்து வரும் பக்கத்தில் கோப்பின் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. சில நிமிடம் எடுக்கும். அசல் வட்டுகளின் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் தரவோடு பொருந்துகிறது என்று வந்தால் கோப்பு நல்லது. பொருந்தவில்லை என்றால் கெட்டது, அல்லது யாரோ மாற்றியது. பிஎஸ்பியின் யுஎம்டி வட்டில் 1.8 ஜிபி வரை கொள்ளும், இந்த இரண்டு விளையாட்டும் அதில் பெரும்பகுதியை நிரப்பியவை. சில நூறு எம்பியில் சுற்றும் 'ஹைலி கம்ப்ரஸ்டு' பிரதிகளில் வீடியோக் காட்சிகளைப் பிய்த்து எறிந்திருப்பார்கள். அந்தக் காட்சி வர வேண்டிய இடத்தில் விளையாட்டு இல்லாத கோப்பைத் தேடி நிற்கும். எந்த செட்டிங்கும் அதை எழுப்பாது.

சொந்த வட்டிலிருந்து எடுப்பதே நம்பகமான வழி. கஸ்டம் ஃபர்ம்வேர் (மாற்றியமைத்த சிஸ்டம் மென்பொருள்) போட்ட பிஎஸ்பியில் வட்டைப் போட்டு, முகப்பு மெனுவில் செலக்ட் பட்டனை அழுத்தி, யுஎஸ்பி டிவைஸ் என்பதை யுஎம்டி டிஸ்க் என்று மாற்றுங்கள். யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் ஐஎஸ்ஓ கோப்பு ஒன்று தெரியும், அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகல் பாதியில் நின்றால் வட்டைப் பாருங்கள். யுஎம்டியின் பிளாஸ்டிக் கூடு இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது. பழசானால் விளிம்பில் பிரிந்து, வட்டு உள்ளே சீராகச் சுற்றாது. விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை தடவி, கவ்வி வைத்து, முழுசாக உலர்ந்தபிறகு மறுபடி முயலுங்கள். பசை உள்ளே கசிந்து வட்டில் பட்டால் எல்லாம் போச்சு.

தொங்காமல், காட்சிகள் மட்டும் விட்டுவிட்டு ஓடினால் சேமிப்பிடம் மெதுவானது. மெமரி கார்டில் இருக்கும் சிஎஸ்ஓவை ஐஎஸ்ஓவாக விரித்து போனின் உள் சேமிப்பில் வையுங்கள். சிஸ்டம் பகுதியில் ஐஓ டைமிங் முறை 'ஃபாஸ்ட்' என்றிருக்கட்டும். 'சிமுலேட் யுஎம்டி டிலேஸ்' என்றிருந்தால் அசல் வட்டு சுற்றும் தாமதத்தையும் சேர்த்தே தரும்.

திறந்தவுடன் ஆப் மூடிக்கொள்கிறது

ஜிபியுவிடம் வேலை வாங்கும் வழிக்குப் பெயர் பேக்கெண்ட். அதில் வல்கன் பெரும்பாலும் வேகமானது, ஆனால் பழைய போன்களின் ஜிபியு டிரைவரில் அது விழும். ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பாருங்கள். ஒருமுறை விழுந்தால் பிபிஎஸ்எஸ்பிபி அதை நினைவில் வைத்து, அந்த பேக்கெண்டைத் தானாகவே ஒதுக்கிவிடும். சிஸ்டம் ஃபோல்டரிலோ அதற்குள் இருக்கும் கேச்சிலோ 'ஃபெயில்டு கிராஃபிக்ஸ் பேக்கெண்ட்ஸ்' என்ற சிறு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். போன் அப்டேட் ஆனபிறகு வல்கனை மறுபடி முயல விரும்பினால் அதை அழித்துவிட்டுத் திறங்கள்.

சீட் (ஏமாற்றுக் குறியீடு) போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். சீட் வரிகள் விளையாட்டின் நினைவகத்தில் குறிப்பிட்ட முகவரியில் எழுதுபவை. பதிப்புக்குப் பதிப்பு அடையாள எண் வேறு: கோஸ்ட் ஆஃப் ஸ்பார்டாவின் அமெரிக்கப் பதிப்பு யுசியுஎஸ் 98737, ஐரோப்பியப் பதிப்பு யுசியிஎஸ் 01401. செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸில் அமெரிக்கப் பதிப்பு யுசியுஎஸ் 98653, ஐரோப்பியப் பதிப்பு யுசியிஎஸ் 00842. ஒன்றுக்கு எழுதிய சீட்டை மற்றதில் போட்டால் அது வேறெங்கோ போய் எழுதும். மூடிக்கொள்வது, கதவு திறக்காதது, எதிரி சாகாமல் நிற்பது எல்லாமே இதனால் வரலாம்.

படம் இருட்டாக இருக்கிறது

செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கதைப்படி சூரியன் வானத்திலிருந்து விழுந்துவிட்டது, மார்ஃபியஸின் கரும்பனி உலகை மூடியிருக்கிறது. அந்த இருட்டு வேண்டுமென்றே வைத்தது. போனின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, கையால் ஏற்றுங்கள். போதவில்லை என்றால் போஸ்ட் ப்ராசஸிங் ஷேடரில் 'கலர் கரெக்‌ஷன்' எடுத்து காமாவை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள். பிரைட்னஸைத் தூக்கினால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

கறுப்புக் கட்டங்கள், காணாமல் போகும் தரை, மினுக்கும் நிழல் என்றால் அது கோளாறுதான். ஸ்பீட் ஹேக்ஸ் அத்தனையையும் அணைத்து ஒரு முறை, பேக்கெண்டை மாற்றி ஒரு முறை சோதியுங்கள். இந்த இரண்டு படியில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

ஒலி கரகரக்கிறது, அல்லது பிந்தி வருகிறது

கரகரப்புக்கு ஒலிப் பகுதியில் மருந்து தேடாதீர்கள். ஸ்பீட் 100க்குக் கீழே போனால் ஒலிக்குப் போதிய தரவு வராது, அதனால் கிழிகிறது. வேகத்தைச் சரிசெய்தால் கரகரப்பு தானாகப் போகும். வாள் வீசி அரை நொடி கழித்துச் சத்தம் வந்தால் ப்ளூடூத் இயர்போன் காரணம். வயர் இயர்போனில் மாட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பட்டன் குறி வரும்போது அழுத்தினாலும் ஏற்கவில்லை, உருண்டு தப்பிக்க முடியவில்லை

பிஎஸ்பியில் அனலாக் ஸ்டிக் ஒன்றுதான். அதனால் உருண்டு விலகுவதற்கு எல், ஆர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அனலாக்கைத் தள்ள வேண்டும். அசல் கருவியில் இரு ஆள்காட்டி விரலும் தோள் பட்டனிலேயே இருக்கும். கண்ணாடித் திரையில் இரண்டு கட்டைவிரலை வைத்துக்கொண்டு மூன்று இடத்தைத் தொட முடியாது. இதற்கு டச் கன்ட்ரோல் அமைப்பில் கஸ்டம் பட்டன் ஒன்றை எடுத்து, அதில் எல், ஆர் இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். அதை வலது கட்டைவிரல் எட்டும் இடத்தில், சதுரப் பட்டனுக்குச் சற்று மேலே வையுங்கள். இப்போது இடது விரல் திசை, வலது விரல் உருளல். இந்த ஒரு பட்டன் இல்லாமல் கடினமான நிலையில் போனில் விளையாடுவது வீண் கஷ்டம்.

சண்டையின் நடுவே போன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு விளையாட்டை இடைநிறுத்துகிறதா? பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் என்ற சைகை இருக்கிறது. எல், ஆர், அனலாக் மூன்றையும் தொட்டு இழுப்பது போனுக்கு அப்படியே அதுதான். போன் செட்டிங்ஸில் அந்தச் சைகையை அணையுங்கள்.

அழுத்தியது தாமதமாகப் பதிவானால் கிராஃபிக்ஸில் 'பஃபர் கிராஃபிக்ஸ் கமாண்ட்ஸ்' என்பதைத் தேடுங்கள். இயல்பில் 2. அதை 1 ஆக்கினால் தாமதம் குறையும், வேகத்தில் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். ஸ்பீட் 100க்கு மேல் கைவசம் பலம் உள்ள போனில் தயங்காமல் செய்யுங்கள்.

வட்டப் பட்டனை வேகவேகமாகத் தட்டச் சொல்லும் இடங்களில் கண்ணாடித் திரை உங்கள் விரலுக்கு ஈடுகொடுக்காது. கன்ட்ரோல் மேப்பிங்கில் ரேபிட்ஃபயர் என்று ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு வட்டத்தை அழுத்தினால் தானாகத் தட்டும். கதவு தூக்குவதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸின் இறுதியில், தன்னைக் கட்டிப் பிடித்திருக்கும் மகள் காலியோப்பியை க்ராட்டோஸ் விலக்கித் தள்ளும் காட்சியில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். அங்கே தட்டுவது ஒவ்வொன்றும் உங்கள் விரலிலிருந்து வர வேண்டும். அந்தக் காட்சியைக் கட்டியதே அதற்காகத்தான்.

கேம்பேடில் க்ராட்டோஸ் தானாகவே நடந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. அனலாக் செட்டிங்ஸில் டெட்சோன் ரேடியஸை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) 0.15 பக்கம் வைத்து, நிற்கும் வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். முழுசாகத் தள்ளியும் ஓடாமல் நடந்தால் சென்சிட்டிவிட்டியை ஏற்றுங்கள்.

சேவ் காணாமல் போய்விட்டது

சேவ்களில் இரண்டு வகை. விளையாட்டுக்குள் சேவ் தூணில் செய்வது பிஎஸ்பி ஃபோல்டருக்குள் சேவ்டேட்டாவில் போகும். எமுலேட்டர் மெனுவில் செய்யும் சேவ் ஸ்டேட், பிபிஎஸ்எஸ்பிபி ஸ்டேட் என்ற வேறு ஃபோல்டரில் போகும். சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியின் முழு நினைவகப் படம். எமுலேட்டரைப் புதுப்பித்தால் அது திறக்காமல் போகலாம். இன்னொன்று, கோளாறு நடந்தபோது எடுத்த ஸ்டேட்டில் கோளாறும் சேர்ந்தே பதிந்திருக்கும். சீட்டை அணைத்தும், செட்டிங்ஸை மாற்றியும் பிரச்சினை போகவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதே பழைய ஸ்டேட்டைத்தான் திறந்துகொண்டிருக்கிறார்கள். விளையாட்டை முழுசாக மூடி, உள்ளே செய்த சேவிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள்.

ஆப்பை நீக்கி மறுபடி போட்டபின் எல்லாமே போய்விட்டது என்றால், முதல் முறை திறந்தபோது 'ஆப் பிரைவேட் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆப் போனால் அதுவும் போகும், மீட்க வழியில்லை. இந்த முறை தனி ஃபோல்டர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆப்பை நீக்கினாலும் அது தங்கும். ஃபோல்டர் பத்திரமாக இருந்தும் 'சேவ் இல்லை' என்று வந்தால் ஐஎஸ்ஓவை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். சேவ் ஃபோல்டரின் பெயரில் பதிப்பின் அடையாள எண் இருக்கிறது. 98737இல் செய்த சேவை 01401 கண்டுகொள்ளாது. பழைய பதிப்பையே திரும்பப் போடுங்கள்.

காரோனை எவ்வளவு அடித்தாலும் தோற்கிறேன்

செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸில் படகோட்டி காரோனோடு வரும் முதல் சண்டையை வெல்ல முடியாது. அவன் க்ராட்டோஸை டார்ட்டரஸ் என்ற பாதாளத்தில் தூக்கி எறிவதுதான் கதை. ஸ்டேட்டைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டாம். விழுந்துவிடுங்கள். கீழே சீயஸின் கையுறை கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து அவனைப் பார்த்துக்கொள்ளலாம்.